கதவு திறக்க இடமில்லை

சென்னை நகரத்து அடுக்கு வீடுகளில் குடியிருப்போர் சங்கங்கள் கூடும்போது முதலில் தண்ணீரைப் பற்றிப் பேசுவார்கள். பிறகு லிப்டைப் பற்றிப் பேசுவார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் அது போய் நிற்பது கார் நிறுத்துமிடத்தில்தான். சென்ற மாதம் அத்தகைய கூட்டம் ஒன்றில் மத்தியஸ்தம் செய்யும் பொறுப்பு நம் தலையில் விழுந்தது. வழக்கு மிகச் சிறியது. ஒருவருடைய காரின் இடப்புறக் கதவில் அரை அங்குல நீளம் வர்ணம் பெயர்ந்து, தகடு சற்றே உள்ளே அமுங்கியிருந்தது. பக்கத்து வண்டிக்காரர் கதவைத் திறந்தபோது இடித்துவிட்டார் என்பது பிராது. "நான் இடிக்கவில்லை, இடித்திருந்தாலும் உம்முடைய வண்டி கோட்டின்மேல் நின்றது" என்பது எதிர்வாதம். பதினெட்டு வருஷ காலம் ஒரே சுவருக்கு இப்புறமும் அப்புறமுமாகக் குடியிருந்தவர்கள். ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் மற்றவர் பந்தியில் நின்று பரிமாறியவர்கள். ஐந்து மாதமாக இவர்கள் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. டிங்கர் பட்டறையில் கேட்ட கூலியோ, இருவரும் ஒரு நாள் குடும்பத்தோடு ஓட்டலுக்குப் போய்வரும் செலவுக்கு மேற்படாது.

நாம் சாட்சிகளை விசாரிக்கவில்லை. தச்சர் ஒருவரிடமிருந்து அளவு நாடாவை வாங்கிக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போனோம். அளந்து பார்த்ததில் விளங்கியது யாதெனில், இரண்டு வண்டிகளும் தத்தம் கட்டத்துக்குள்ளேயே நின்றன. கோட்டை மிதித்தவர் எவருமில்லை. விதியை மீறாத இருவர், விதிப்படி கட்டிய கட்டடத்தில், விதிப்படி வரைந்த கோடுகளுக்குள் வண்டியை நிறுத்தியும், ஒருவர் கதவு மற்றவர் வண்டியில் இடியாமல் இறங்க முடியவில்லை. இதில் குற்றவாளி கூட்டத்துக்கு வந்திருந்தவர்களில் இல்லை என்பதே நாம் சொன்ன தீர்ப்பு. அவன் எங்கே இருக்கிறான் என்று சொல்லவே இதை எழுதுகிறோம்.

தமிழ்நாட்டில் 2019-ஆம் வருஷத்தில் வெளியான ஒருங்கிணைந்த அபிவிருத்தி, கட்டட விதிகள் ஒரு காருக்கு ஒதுக்கவேண்டிய இடம் இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் என்று வகுத்திருக்கின்றன. அதற்கு முன்பு சென்னையில் வழங்கிய விதிகளிலும் இதே அளவுதான். கட்டம் வளரவில்லை. வண்டியோ வளர்ந்திருக்கிறது. 1983-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் முதன்முதலில் தெருவுக்கு வந்து, பின்னர் நெடுங்காலம் விற்ற மாருதி 800 வண்டியின் அகலம் 1.44 மீட்டர். இரண்டரை மீட்டர்க் கட்டத்தில் அதை நிறுத்தினால் 1.06 மீட்டர் மிஞ்சும். அக்காலத்தில் பெரிய வண்டி என்று பெயரெடுத்த அம்பாஸடர்கூட ஏறக்குறைய 1.66 மீட்டர்தான். இன்று நடுத்தரக் குடும்பங்கள் விரும்பி வாங்கும் வண்டிகள் பல 1.79 மீட்டர், அவற்றை நிறுத்தினால் மிஞ்சுவது 71 சென்டிமீட்டர். ஸ்கார்ப்பியோ-என் போன்ற வண்டி 1.917 மீட்டர், மிச்சம் 58 சென்டிமீட்டர். பக்கவாட்டுக் கண்ணாடிகள் இந்தக் கணக்கில் சேரவில்லை. கம்பெனிக்காரர்கள் அகலம் சொல்லும்போது கண்ணாடிகளை விட்டுவிட்டே சொல்லுகிறார்கள்.

எழுபத்தொரு சென்டிமீட்டர் என்றால் மூன்று சாண். மூன்று சாண் இடத்தில் ஒருவர் இறங்க முடியாதா என்று கேட்கலாம். கதவு காகிதத்தால் ஆனதாக இருந்தால் இறங்கலாம். இன்றைய கார்க் கதவின் கனமே ஏறக்குறைய முக்கால் சாண். ஆகவே, கதவைப் பக்கத்து வண்டியில் தொட்டும் தொடாமலும் சாய்த்துப் பிடித்தால் இறங்குகிறவருக்குக் கிடைப்பது இரண்டேகால் சாண். அதுவும் கதவின் நுனிப்பக்கத்தில். கீல் இருக்கும் பக்கம், அதாவது காலை எடுத்து வெளியே வைக்கவேண்டிய பக்கம், இடைவெளி இன்னும் குறுகலாயிருக்கும். பக்கத்து வண்டி ஒரு சாண் இப்புறம் தள்ளி நின்றுவிட்டால் மீதி ஒன்றேகால் சாண். கட்டத்தின் ஓரத்தில் தூண் நின்றாலோ, அதன் பூச்சு வேலை தின்ற அங்குலங்களையும் கழித்துக்கொள்ள வேண்டும். ஒல்லியான வாலிபர் மூச்சை அடக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவார். எல்லாரும் ஒல்லியான வாலிபர் அல்லர்.

கீழ்த்தளங்களில் நாள்தோறும் நடப்பதைச் சற்று நின்று பார்த்தால் இது விளங்கும். முழங்கால் சத்திரசிகிச்சை செய்துகொண்ட முதியவர் காரைவிட்டு இறங்குவதற்கு முதலில் உடம்பை முழுவதும் திருப்பி, இரண்டு கால்களையும் ஒன்றாக வெளியே வைத்து, கையூன்றி எழவேண்டும். அதற்குக் கதவு முக்கால்வாசியாவது திறந்தாக வேண்டும். நிறைமாதக் கர்ப்பிணிக்கும், கைக்குழந்தையைத் தோளில் போட்டிருக்கும் தாய்க்கும் இதே நிலைமைதான். இவர்களையெல்லாம் வாசலிலேயே இறக்கிவிட்டுப் பிறகு வண்டியை உள்ளே கொண்டுபோவது இப்போது வழக்கமாகிவிட்டது. வாசலில் மழை பெய்தால் நனைய வேண்டும். வெயில் அடித்தால் காய வேண்டும். தெருவில் பின்னால் வரும் வண்டிகள் ஊதும் ஹாரனையும் பொறுக்க வேண்டும். முதியவரே வண்டியோட்டியாகவும் இருந்தால் அவரை யார் இறக்கிவிடுவது? நமக்குத் தெரிந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர், கண்ணும் கையும் நன்றாயிருந்தும், தம் கட்டத்தில் இறங்க முடியாத காரணத்தாலேயே வண்டியை விற்றுவிட்டார். பேரனுக்காக விற்றேன் என்று வெளியே சொல்லிக்கொள்ளுகிறார்.

உடல் ஊனமுற்றோருக்காக 3.6 மீட்டர் அகலமுள்ள கட்டம் வேண்டுமென்று நம் நாட்டுக் கட்டட நெறிகளே கூறுகின்றன. சக்கர நாற்காலியைக் கதவருகே கொண்டுவந்து நிறுத்துவதற்காகவே அந்த அதிகப்படியான அகலம். வணிக வளாகங்களில் அந்தக் கட்டங்களில் யாருடைய வண்டிகள் நிற்கின்றன என்பதைப் பார்த்தவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. கதவை விசாலமாகத் திறக்கலாம் என்ற ஒரே ஆசையால் திடகாத்திரமானவர்கள் அங்கே வண்டியைச் செருகிவிட்டுப் போகிறார்கள். இடம் குறுகக் குறுக, முதலில் பறிபோவது வலுவற்றவனுடைய இடம்.

இது நிற்க. நம்முடைய வழக்குக்கு வருவோம். தீர்ப்புச் சொன்னால் போதாது, வழியும் சொல்ல வேண்டும் என்று சங்கத்தார் வற்புறுத்தினார்கள். அந்தக் கட்டடத்தில் இரண்டு தூண்களுக்கு இடையே ஐந்து மீட்டர். அதில் இரண்டு வண்டிகள். இரண்டும் 1.79 மீட்டர் அகலம். ஆக 3.58 போக, மிச்சம் 1.42 மீட்டர். இந்த மிச்சத்தை வழக்கம்போல் நான்கு கூறாகப் போட்டு, ஒவ்வொரு வண்டிக்கும் இருபுறமும் கொஞ்சங்கொஞ்சமாக விடுவதால்தான் ஒருவருக்கும் உதவாமல் போகிறது. நம் நாட்டு வண்டிகளில் ஓட்டுகிறவருக்கு வலப்பக்கம் ஆசனம். ஆகவே எதிரே நின்று பார்க்கும்போது இடப்புறத்தில் நிற்கும் வண்டி முகம் உள்நோக்கியும், வலப்புறத்தில் நிற்கும் வண்டி பின்பக்கமாக ஏறி முகம் வெளிநோக்கியும் நின்றால், ஓட்டுகிறவர் இருவருடைய கதவுகளும் நடுவில் ஒன்றையொன்று பார்த்து நிற்கும். இருவரும் தத்தம் தூணுக்குப் பதினைந்து சென்டிமீட்டர் மட்டும் விட்டுக் கண்ணாடியை மடக்கி ஒட்டி நிறுத்தினால், நடுவே 1.12 மீட்டர் கிடைக்கும். அது ஏறக்குறைய ஐந்து சாண். கூட வருகிறவர்களை வண்டி உள்ளே நுழையுமுன் இறக்கிவிட வேண்டும், அவ்வளவே நிபந்தனை. வண்டிகள் எல்லாம் ஒரே திசை பார்த்து வரிசையாக நிற்கும் இடங்களில் வேறொரு முறை உண்டு. ஒவ்வொருவரும் தம் இடப்புறக் கோட்டை ஒட்டி நிறுத்த வேண்டும். அப்போது கட்டத்தின் மிச்சம் முழுவதும் வலப்பக்கம் சேர்ந்து, ஓட்டுகிறவர் ஒவ்வொருவருக்கும் முழுசாகக் கிடைக்கும். ஒருவர் நடுவில் நிறுத்தினாலும் வரிசை கெட்டுப்போகும் என்பது உண்மையே.

இந்த யோசனைக்கு எழுந்த ஆட்சேபம் நாம் எதிர்பாராதது. வலப்புறத்து வண்டிக்காரர், முகம் வெளிநோக்கி நின்றால் தம் வண்டி தெற்குப் பார்க்கும் என்றும், அது ஆகாது என்றும் சொன்னார். இருவரும் கட்டத்தை மாற்றிக்கொண்டாலும் யாரோ ஒருவருடைய வண்டி தெற்குப் பார்த்தே தீரும். பிராதுக்காரர் சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டுத் தமக்குத் திசையில் நம்பிக்கை இல்லை என்றும், கட்டத்தை மாற்றிக்கொள்ளத் தாம் தயார் என்றும் கூறினார். ஐந்து மாதத்துக்குப் பின் அவர் எதிர்வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அதுவே.

இவ்விடத்தில் இன்னும் சில சிறு விஷயங்களையும் சொல்லிவிடுகிறோம். கார்க் கதவு ஒரே வீச்சில் திறப்பதன்று. உள்ளே இருக்கும் தடை அதை இரண்டு மூன்று நிலைகளில் நிறுத்தும். குறுகிய இடத்தில் முதல் நிலையோடு நிறுத்திக்கொள்ளப் பழக வேண்டும். வண்டி பழசானால் இந்தத் தடை தேய்ந்துபோய், தளம் சரிவாயிருந்தாலும் காற்று அடித்தாலும் கதவு தானே விரிந்து பக்கத்து வண்டியில் மோதும். அதைப் பழுதுபார்க்கப் பட்டறையில் அதிக நேரம் ஆகாது. ஆனால் பாட்டுக் கேட்கும் கருவியை மாற்ற ஓடுகிறவர்கள் இதற்கு ஓடுவதில்லை. குழந்தைகள் உட்காரும் பின்கதவை உள்ளிருந்து திறக்க முடியாதபடி பூட்டிவைக்கும் வசதி அநேகமாக எல்லா வண்டியிலும் உண்டு. இறங்கும்போது கதவின் விளிம்பைக் கையால் பிடித்துக்கொண்டு திறந்தால், இடிப்பது கதவாக இராமல் விரலின் புறமாக இருக்கும். விரல் வர்ணத்தைப் பெயர்க்காது. விளிம்பில் ஒட்டும் ரப்பர்ப் பட்டையும், தூணில் கட்டும் ரப்பர்த் தகடும் கடைகளில் கிடைக்கின்றன. எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் இடித்துவிட்டால், ஒரு சீட்டில் பெயரையும் வீட்டு எண்ணையும் எழுதிக் கண்ணாடித் துடைப்பானில் செருகிவிட்டுப் போவதில் அவமானம் ஒன்றுமில்லை.

கீழ்த்தளத்தில் இடித்தால் வர்ணம் போகும். தெருவில் இடித்தால் உயிர் போகும். நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்புறம் செல்லுவதால், ஓரமாக நிறுத்திய காரில் ஓட்டுகிறவரின் கதவு போக்குவரத்தின் பக்கமே திறக்கிறது. சென்னைத் தெருக்களில் இருபுறமும் கார்கள் நின்றது போக மிஞ்சிய சந்தில்தான் சைக்கிள்காரரும் ஸ்கூட்டர்காரரும் போகிறார்கள். கைப்பேசி அவசரப்படுத்த, உணவுப் பொட்டலத்தை முதுகில் சுமந்து பறக்கும் பிள்ளைகள் போகிறார்கள். கதவு திடீரென்று விரிந்தால் அதில் மோதி விழுவது ஒன்று. மோதாமலிருக்க வலப்புறம் ஒடித்து, பின்னால் வரும் பஸ்ஸின்முன் விழுவது மற்றொன்று. இரண்டாவதுதான் கொடியது. அப்போது காரில் ஒரு கீறல்கூட இராது. கார்க்காரர் தமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றும் சொல்லிக்கொள்ளலாம்.

இதற்கு ஹாலந்து தேசத்தாரின் பெயரால் வழங்கும் ஓர் எளிய பழக்கம் உண்டு. வலப்புறக் கதவை இடக்கையால் திறக்க வேண்டும். அப்படிக் கையை நீட்டும்போது தோள் தானே திரும்பும். தோளோடு முகமும் திரும்பி, பின்னால் வருகிறவர் கண்ணில் படுவார். பிரிட்டனில் 2022-ஆம் வருஷம் ஜனவரி மாதம் திருத்திய சாலை நெறியில் இதைச் சேர்த்திருக்கிறார்கள். அங்கே கதவைத் திறந்து பிறருக்குக் காயமோ அபாயமோ விளைவிப்பவருக்கு ஆயிரம் பவுன் வரையில் அபராதம் உண்டு. நம் ஊரில் லைசென்ஸுக்குப் போகிறவரை எட்டுப் போடச் சொல்லுகிறார்கள். எட்டுப் போட்டு முடித்தவர் வண்டியைவிட்டு எந்தக் கையால் இறங்குகிறார் என்று இன்ஸ்பெக்டர் பார்த்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. பார்ப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

இனி, கட்டத்தின் அகலத்தை அதிகப்படுத்திவிட்டால் தொல்லை தீருமே என்று கூறுவோருக்கு வருகிறோம். இக்கருத்து படித்த கனவான்களிடையே பலமாகப் பரவிவருகிறது. இதை நாம் எதிர்க்கிறோம். இரண்டரைக்கு ஐந்து என்றால் பன்னிரண்டரைச் சதுர மீட்டர்; ஏறக்குறைய 135 சதுர அடி. ஒரு குடும்பம் முழுவதும் அவ்வளவு இடத்துக்குள் சமைத்து, உண்டு, உறங்கி எழும் வீடுகள் இந்நகரத்தில் எத்தனையோ. கட்டத்தை மூன்று மீட்டராக்கினால், பத்துக் கார் நிற்கும் இடத்தில் இன்னும் இரண்டு கார்களுக்கான நிலம் விழுங்கப்படும். அந்த நிலம் வானத்திலிருந்து இறங்காது. கிணற்றடியிலிருந்தும், குழந்தைகள் விளையாடும் முற்றத்திலிருந்தும், மழைநீர் இறங்க விட்டுவைத்த மண்ணிலிருந்தும் எடுக்க வேண்டும். தெருவிலானால், ஏற்கெனவே இல்லாத நடைபாதையிலிருந்து எடுக்க வேண்டும். காரே இல்லாதவன் தன் பங்கு நிலத்தைக் கொடுத்துக் காருள்ளவனுடைய கதவுக்கு வழிவிட வேண்டும் என்பது என்ன நியாயம்? அன்றியும், கட்டம் மூன்று மீட்டரானால் வண்டி அப்படியே நிற்கும் என்பதற்கு யார் ஜாமீன்? ஐரோப்பாவில் விற்கும் புதிய கார்களின் சராசரி அகலம் 2018-இல் 177.8 சென்டிமீட்டராக இருந்து, 2023-ஆம் வருஷத்தின் முற்பாதியில் 180.3 ஆயிற்று என்று அங்குள்ள போக்குவரத்து, சுற்றுச்சூழல் சம்மேளனம் கணக்கிட்டிருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் ஓசைப்படாமல் வளர்கிறது. இந்த வளர்ச்சிக்குப் பின்னாலேயே சுவரை இடித்துக்கொண்டு ஓடினால் நகரத்தில் சுவரே மிஞ்சாது.

அகலமெல்லாம் ஆடம்பரம் என்று நாம் சொல்லவரவில்லை. பக்கவாட்டில் மற்றொரு வண்டி மோதினால் உள்ளிருப்பவர் பிழைக்க வேண்டுமானால் கதவுக்குள் இரும்புச் சட்டம் வேண்டும். அதனால் கதவு கனக்கத்தான் செய்யும். நம் நாட்டிலும் 2017-ஆம் வருஷம் அக்டோபர் முதல் புதிய மாதிரிகள் இந்தப் பரீட்சையில் தேறியாக வேண்டும் என்று விதி வந்தது; அது நல்ல விதி. ஆனால் இன்றைய அகலம் முழுவதையும் உயிர்ப் பாதுகாப்பின் கணக்கில் எழுத முடியாது. அந்தப் பரீட்சைக்கு உட்பட்டு இன்று விற்கும் கிராண்டு ஐ10 நியோஸ் 1.68 மீட்டர், வாகன்-ஆர் 1.62 மீட்டர். மிச்ச அகலம் எங்கிருந்து வந்தது?

சர்க்காரின் வரிச் சட்டத்திலிருந்து ஒரு பங்கு வந்தது என்பது நம் அபிப்பிராயம். 2006-ஆம் வருஷத்து மத்திய வரவு செலவுத் திட்டத்தில், நான்கு மீட்டர் நீளத்துக்கு மேற்படாமலும், எஞ்சின் குறிப்பிட்ட அளவுக்குள்ளும் இருக்கும் வண்டியைச் சிறிய கார் என்று பெயரிட்டு, அதன் எக்ஸைஸ் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். 2025-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ஆம் தேதி முதல் அமலுக்கு வந்த ஜி.எஸ்.டி. விகிதங்களிலும் அதே நான்கு மீட்டர்தான் எல்லை. அதற்குள் இருந்தால் 18 சதவீதம், தாண்டினால் 40. நீளத்துக்கு இவ்வளவு கண்டிப்பான சட்டம், அகலத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வியாபாரிகள் என்ன செய்வார்கள்? வாலை வெட்டினார்கள். டிசையர் என்ற வண்டி 2012-இல் பின்புறம் குறுக்கப்பட்டு 3,995 மில்லிமீட்டராயிற்று. பிரெஸ்ஸா என்ற வண்டியின் நீளமும் அதே 3,995, அகலமோ 1,790. நாலு மீட்டருக்கு ஐந்து மில்லிமீட்டர் குறைவு! சட்டத்தின் அறிவின்படி அது சிறிய கார். கீழ்த்தளத்தில் அதற்குப் பக்கத்தில் கதவைத் திறந்து இறங்க முயலுகிறவருக்கு அது சிறிய கார் அன்று. கம்பெனியை நாம் குறை கூறவில்லை. சட்டம் எதை அளக்கிறதோ அதைத்தான் அவர்கள் குறைப்பார்கள்.

ஜப்பானியர் வேறு விதமாகச் செய்தார்கள். அங்கே சலுகை வரி பெறும் சிறு வண்டிக்கு நீளம் 3.40 மீட்டர், அகலம் 1.48 மீட்டர் என்று இரண்டையும் கட்டிப்போட்டார்கள். 1962-ஆம் வருஷம் முதல், வண்டி வாங்குகிறவர் அதை நிறுத்தத் தமக்கு இடமுண்டு என்று போலீஸாரிடம் அத்தாட்சி பெற வேண்டும் என்ற சட்டமும் அங்கே உண்டு. இடத்துக்குத் தக்க வண்டி என்ற முறை வந்துவிட்டபடியால், எஞ்சினீயர்கள் தங்கள் புத்தியைக் கதவின்மேல் செலுத்தினார்கள். அங்கு ஏராளமாக விற்கும் ஹோண்டா என்-பாக்ஸ் முதலிய சிறு வண்டிகளில் பின்கதவு கீலில் விரிவதில்லை. வண்டியின் உடம்பை ஒட்டியே பின்னால் நகருகிறது. ஒரு சாண் இடைவெளியில் முழுக் கதவும் திறக்கும். அப்போது பக்கத்து வண்டிக்காரரோடு சண்டை போடவேண்டுமானால் வேறு காரணம் தேட வேண்டும்.

இதைப் படித்துவிட்டு ஜப்பானியரின் சாமர்த்தியத்தை மெச்சுகிறவர்கள், நம் வீட்டு வாசலில் முப்பத்தைந்து வருஷம் நின்ற வண்டியை மறந்துவிட்டார்கள். 1984-இல் வெளிவந்து பின்னர் ஆம்னி என்று பெயர் பெற்ற மாருதி வான் 1.41 மீட்டர் அகலம். அதன் பின்கதவு தள்ளித் திறக்கும் கதவு. எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு எந்தச் சந்திலும் நுழைந்து, சுவரோரமாக நின்று, அந்த எட்டுப் பேரையும் இறக்கிவிடும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும், அரிசி மூட்டைகளையும், ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளிகளையும் அது சுமந்தது. நம் சினிமாக்காரர்கள் ஆள் கடத்துவதற்கென்றே அதைப் பிடித்துவைத்துக்கொண்டார்கள். ஓடுகிற வண்டியில் சட்டென்று திறந்து ஆளை உள்ளே இழுக்க வேறு கதவு உதவாது அல்லவா? எஞ்சினுக்குமேல் ஆசனமும், முன்னே தட்டையான முகமுமாக இருந்ததால் மோதலில் அது பத்திரமானதன்று. 2019-இல் அது நின்றுபோனது சரியே. ஆனால் நின்றது அந்த முகத்தால், கதவால் அன்று. அதே தள்ளுகதவு, 1.475 மீட்டர் அகலமுள்ள ஈகோ வண்டியில் இன்றும் இருக்கிறது. அதைத் தம் குடும்பத்துக்கென்று வாங்கும் கனவான்கள் எத்தனை பேர்? தள்ளுகதவு சரக்கு வண்டியின் அடையாளம் என்றும், விரிகின்ற கதவே மரியாதை என்றும் நாம் நினைக்கப் பழகிவிட்டோம். அந்த மரியாதைக்கு இடமில்லாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு காருக்கும் தூணுக்கும் நடுவே நசுங்கி வருகிறோம்.

தள்ளுகதவில் குறை இல்லாமலில்லை. அது கனம், விலை அதிகம், தண்டவாளத்தில் மண் சேரும். பிரான்ஸில் பெஜோ கம்பெனியார் 2005-இல் இருபுறமும் மின்சாரத்தால் நகரும் கதவு வைத்த 1007 என்ற சிறு காரை விற்றுப் பார்த்தார்கள். கனமும் விலையும் அதை அழுத்தின, 2009-இல் கைவிட்டார்கள். முன்கதவுக்கு இது எளிதில் ஒத்துவராது என்பதையும் ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் முதியவரும், குழந்தையும், நோயாளியும் பெரும்பாலும் ஏறுவது பின்கதவில். அவர்களுக்கு அது உதவும்.

எனவே நாம் கேட்பது ஒன்றே. வரிச் சட்டத்தில் சிறிய காருக்கு உள்ள இலக்கணத்தில், "நீளம் 4,000 மில்லிமீட்டருக்கு மேற்படாமலும்" என்ற சொற்களை அடுத்து, "அகலம் 1,700 மில்லிமீட்டருக்கு மேற்படாமலும்" என்ற சொற்களைச் சேர்க்க வேண்டும். 1,700 என்பது ஜப்பானியரும் தம் இரண்டாம் தரத்துச் சிறு கார்களுக்கு வைத்திருக்கும் எல்லைதான். அந்த எல்லையின்படி இன்று 1,735 மில்லிமீட்டர் இருக்கும் ஸ்விப்ட் வண்டி சலுகையை இழக்கும் என்றும், அதை வாங்கும் சாதாரணக் குடும்பங்கள் பாதிக்கப்படும் என்றும் ஆட்சேபம் எழலாம். அது நியாயமான ஆட்சேபம். 1,740 என்று வைத்தாலும் நமக்குச் சம்மதமே. இப்போதுள்ள மாதிரிகளுக்கு ஐந்து வருஷம் தவணை கொடுத்தாலும் சம்மதம். எண்ணைப் பற்றிப் பேரம் பேசலாம். அகலம் என்ற ஒரு வார்த்தை முதலில் அந்தச் சட்டத்துக்குள் நுழையட்டும். ஜி.எஸ்.டி. கவுன்ஸிலில் தமிழ்நாட்டுக்கும் ஓர் ஆசனம் இருக்கிறது. அங்கே போய் உட்காருகிற மந்திரி, புறப்படுமுன் ஏதேனும் ஓர் அடுக்கு வீட்டின் கீழ்த்தளத்துக்குத் தம் வண்டியிலேயே வந்து, இரண்டு கார்களுக்கு நடுவே அதை நிறுத்தி, தாமே கதவைத் திறந்து இறங்கிப் பார்க்கலாம். அளவு நாடா நம்மிடம் இருக்கிறது.